கடலில்லாத ஊரின் நுரை

பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையை யாரும் உள்ளே கலக்கி விடுவதில்லை. கரண்டியால் வழித்து எறிந்துவிடுவார்கள். பிலிக்கல்பாளையம், பரமத்திவேலூர்ப் பக்கம் கரும்பாலையைப் பார்த்தவர்களுக்கு இதன் பெரிய வடிவம் தெரிந்திருக்கும். கொப்பரையில் சாறு சூடேறி, சுண்ணாம்பும் சேர்ந்தவுடன், கருத்த அழுக்கு நுரையோடு பொங்கி மேலே வரும். நீளக் கைப்பிடி வைத்த ஓட்டைக் கரண்டியோடு ஓர் ஆள் அதை வழித்துக்கொண்டே இருப்பார். அவர் அசந்துவிட்டால் வெல்லத்தின் நிறம் போய்விடும்.

கடல்மீன் தொட்டிக்கு வைக்கிற புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவியும் அந்த ஆளின் வேலையைத்தான் செய்கிறது. நெருப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, காற்றுக்குமிழி மட்டும். மீன் தின்ற மிச்சம், கழிவு, செத்த பாசி ஆகியவற்றிலிருந்து வரும் புரதமும் கொழுப்பும் தண்ணீரில் கரைந்து கிடக்கும். இவற்றின் மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை வெறுக்கும். குமிழி ஒன்று பக்கத்தில் வந்தால் வெறுக்கிற முனை காற்றுக்குள் தலையை நீட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குமிழிகள் இப்படி அழுக்கைச் சுமந்து ஒரு குழாய்க்குள் ஏறி, கழுத்தில் நெருக்கியடித்து நுரையாகி, மேலே உள்ள கோப்பைக்குள் வழிந்து விழும். கோப்பையில் சேர்வது டீத்தண்ணி நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு இருக்கும். அழுகுவதற்கு முன்பே அழுக்கை வெளியே எடுத்துவிடுவது, அவ்வளவுதான் சமாச்சாரம்.

எங்கள் தெருவில் விசைத்தறிக் குடும்பத்துப் பையன் ஒருவன், 200 லிட்டர் தொட்டி ஒன்று வைக்கத் திட்டம்போட்டு, நாலைந்து ஸ்கிம்மர்களின் படங்களைப் போனில் காட்டிக் கேட்டான்: “எல்லாத்துலயும் 200 லிட்டருக்குன்னுதான் போட்டிருக்குதுங்ணா. ஒண்ணு மூவாயிரம், ஒண்ணு பதினெட்டாயிரம். எதைங்ணா வாங்கறது?” இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலில் பதில் இல்லை, அந்தக் கருவி எந்த ஊரில், எந்த நெருக்கடியில் பிறந்தது என்பதில் இருக்கிறது. ஏனென்றால் ஸ்கிம்மர் கடற்கரைக்காரர்களின் கருவி அல்ல. பக்கத்தில் கடல் இல்லாதவர்களின் கருவி. குமாரபாளையத்திலிருந்து எந்தத் திசையில் கோடு போட்டாலும் கடலைத் தொட 200 கிலோமீட்டர் ஆகும்.

*

கடல் உயிர்களை வீட்டுக்குள் வைத்து வளர்த்த கதை ஒரு பவளத்திலிருந்தே தொடங்குகிறது. 1846இல் ஆனா தைன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்கு எடுத்துவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பதவியில் இருந்த பாதிரியார். லண்டனில் நினைத்த நேரத்தில் புதுக் கடல்நீர் கிடைக்காது. எனவே பணிப்பெண் ஒருத்தி, திறந்த ஜன்னலருகே நின்று, இருக்கிற நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் ஆற்றுவாள். நம் டீ மாஸ்டர் டீ ஆற்றுவதைப் போலத்தான். பிறகு தைன் கடற்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் மூன்று ஆண்டுகள்போல உயிரோடிருந்தன. வரலாற்றில் அந்தப் பணிப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. ஆனால் கடல்தொட்டிக்கான முதல் காற்று எந்திரம் அவளுடைய கைதான்.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியிருந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், செடியும் மீனும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று வாழவைக்கும் என்று எழுதினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ வெளிவந்து, நடுத்தர வர்க்கத்து வீடுகளில் கடல்தொட்டி ஒரு மோகமாகவே ஆயிற்று. பெரும்பாலான தொட்டிகள் சில வாரங்களில் நாறின. செடியும் மீனும் சமன் ஆகிவிடும் என்ற கணக்கில், தீனி போடும் கை சேரவேயில்லை.

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. 1864இல் ஹாம்பர்க்கிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த நீர்க்கூடங்களில், பார்வையாளர் காண்கிற தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தேக்கம் ஒன்று தரைக்கடியில் இருந்தது. பம்பு நீரை மேலும் கீழும் சுற்றவைத்தது. லாய்டு அழுக்கை வெளியே எடுக்கவில்லை, பெரிய நீருக்குள் நீர்த்துப்போகச் செய்தார். கிணறு பெரிதானால் ஒரு குடம் அழுக்கு தெரியாது என்ற கணக்கு. இன்றைக்கு ஒவ்வொரு கடல்தொட்டிக்கும் அடியில் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ‘சம்ப்’ தொட்டி, லாய்டின் இருட்டுத் தேக்கத்தின் பேரப்பிள்ளை. அதற்குள்தான் ஸ்கிம்மர் உட்காரும்.

நம் பக்கம் இந்தக் கதை 1909இல் வருகிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ராமேஸ்வரம், மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைப் பற்றி 1880களிலிருந்தே எழுதிவந்தவர். அவருடைய முனைப்பில் மெரினாவில் ஒரு கடல் நீர்க்கூடம் எழுந்தது, இந்தியாவிலேயே முதலாவது. பிறகு மீன்வளத்துறையின் கைக்குப் போய், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. அந்த நீர்க்கூடத்துக்கு நுரை பற்றிய கவலை வந்திருக்க வேண்டியதில்லை. எதிரே வங்கக்கடல். கடற்கரை ஊருக்கு அழுக்கு என்பது பழைய நீரைக் கொட்டிப் புது நீர் இறைப்பதோடு முடிந்துபோகிற விவகாரம்.

உள்நாட்டில் அது முடிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், தொட்டியின் அடிமணலுக்குள் நீரைச் செலுத்தி, பாக்டீரியாக்களைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் முறை பரவியது. மீன்கள் பிழைத்தன. நைட்ரேட் ஏறிக்கொண்டே போனதால் பவளங்கள் தாங்கவில்லை. நஞ்சின் வீரியம் குறைந்தது, கழிவு மட்டும் தொட்டியை விட்டுப் போகவேயில்லை. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையும் கடல்நீரும் மெல்லிய காற்றோட்டமும் போதும் என்று தன் ‘இயற்கை முறை’யை எழுதினார். அவருடைய தொட்டிகள் அழகாக வாழ்ந்தன. ஆனால் அவர் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஜாவாக் கடலும் பவளத்திட்டுகளும் இருந்தன.

ஸ்கிம்மர் ஜெர்மனியில் வளர்ந்தது. நுரையால் பொருளைப் பிரிப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1877இலேயே டிரெஸ்டனில் பெஸ்ஸல் சகோதரர்கள், குமிழியால் கிராஃபைட்டை மிதக்கவைத்துப் பிரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். 1950களில் ஜெர்மன் ஆறுகளே நுரை மலைகளாகக் கிடந்தன. புதிதாக வந்த சலவைத்தூள்கள் மட்காமல் ஆற்றோடு போயின. 1961இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 1964 முதல் சலவைப்பொருள் மட்கக்கூடியதாக இருந்தே தீரவேண்டும் என்றானது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் சாண்டர், துன்ஸே போன்ற சிறு நிறுவனங்கள் மீன்தொட்டிக்கான கருவிகளில் இறங்கின. ஆற்றில் சனியனாக இருந்த நுரை, தொட்டியில் வேலைக்காரனாயிற்று.

முதல் ஸ்கிம்மர் ஒரு கண்ணாடிக்குழாயும், அதன் அடியில் ஒரு மரக்கட்டையும்தான். லிண்டன் மரத்தின் நுண்துளைகள் வழியாகக் காற்றை அழுத்தினால் பொடிப்பொடிக் குமிழிகள் வரும். நீர் மேலிருந்து கீழே இறங்கும், காற்று கீழிருந்து மேலே ஏறும். எதிரெதிரே போவதால் சந்திக்கும் நேரம் நீளும். கட்டை சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், மாற்றவேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்க்க, வேகமாக ஓடும் நீரே காற்றை உறிஞ்சும் வெஞ்சுரி வந்தது. அதற்கு வலுவான பம்பும் நிறைய மின்சாரமும் வேண்டியிருந்தது. அப்புறம் வந்தது ஊசிச்சக்கரம்: பம்பின் சுழலியிலேயே முள்முள்ளாக வைத்து, காற்றைத் தூளாக அரைக்கும் ஏற்பாடு. குறைந்த மின்சாரம், நிறையக் குமிழி. இன்று கடையில் இருப்பதில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

1973இல் பீட்டர் வில்கென்ஸ் வெப்பக்கடலின் முதுகெலும்பில்லா உயிர்களைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி ஜெர்மனில் புத்தகம் எழுதினார். பெர்லினின் ஆர்வலர் வட்டம் இதை ஒரு முறையாகவே ஆக்கியது: உயிர்ப்பாறை, வலுவான வெளிச்சம், சுண்ணாம்புநீர், வலுவான ஸ்கிம்மர். டீட்ரிஷ் ஸ்டியூபரின் தொட்டியில் வளர்ந்த ஒரு கொம்புப்பவளத்தின் ஒடித்த கிளைகள் கைக்குக் கைமாறிப் பல நாடுகளுக்குப் போயின. கடற்கரையே இல்லாத பெர்லினிலிருந்து பவளம் உலகத்துக்குப் போனது என்பது சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவில் 1986இல் ஜார்ஜ் ஸ்மிட்டின் கட்டுரைகள் வீட்டுப் பவளத்தொட்டிக்கு ஆசை மூட்டின. 1994இல் டெல்பீக்கும் ஸ்ப்ரங்கும் எழுதிய புத்தகம் பெர்லின் முறையை ஆங்கிலம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் கொண்டுசேர்த்தது.

ஒரு பௌதிக விஷயத்தையும் சொல்லவேண்டும். ஆற்றுத்தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். உப்புநீரில் அவ்வளவு சுலபமாகச் சேராது, பொடியாகவே நிற்கும். பொடிக்குமிழிக்கு மேற்பரப்பு அதிகம். அதனால் அழுக்கும் அதிகம் ஒட்டும். வீட்டு ஸ்கிம்மர் கடல்தொட்டிக்குச் சரிப்பட்டு, நன்னீர்த் தொட்டிக்குச் சரிப்படாமல் போனது இதனால்தான்.

*

இனி நம் ஊருக்கு வருவோம்.

பெர்லின் முறைக்கு இரண்டு கால்கள். ஒன்று உயிர்ப்பாறை, இன்னொன்று ஸ்கிம்மர். இந்தியாவில் முதல் காலைச் சட்டம் மடக்கிவிட்டது. நல்லதற்குத்தான். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் அனுப்பியது பல பத்தாண்டுகள் நடந்தது. யாழ்ப்பாணத் தமிழில் முருகைக்கல் என்பார்களே, அந்தக் கல்தான். 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு இந்த வெட்டும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001 ஜூலையில் எல்லாக் கல்பவளங்களும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி போன்றவையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. எடுத்தாலும் விற்றாலும் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுவரை சிறை. உயிர்ப்பாறை என்பது பவளத்தின் எலும்புதான் என்பதால், “நான் பவளம் எடுக்கலை, கல்லுதான் எடுத்தேன்” என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஆகவே அந்தப் பையனிடம் முதலில் சொன்னது ஸ்கிம்மர் பற்றியே அல்ல. யாராவது ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ‘ரீஃப்’ அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்றேன். சுட்ட பீங்கான் கல்லோ சிமெண்டில் வார்த்த கல்லோ வை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் கிடைக்கும்போது கடலிலிருந்து பிடித்தது எதற்கு? பவளம்தான் வேண்டுமென்றால் சட்டப்படி இறக்குமதியாகி, முழுக் காகிதங்களோடு வருவது வரும்வரை காத்திரு.

இதன் விளைவு ஒன்று ஸ்கிம்மர் தேர்வை நேரடியாகப் பாதிக்கிறது. செயற்கைக் கல்லில் பாக்டீரியாக்கள் குடியேறி உயிர்ப்பாறை அளவுக்கு வேலைசெய்ய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாரத்தின் பெரும்பங்கு ஸ்கிம்மர் தலையில்தான். பெர்லின்காரர்களுக்கு இரண்டு காளை பூட்டிய வண்டி, நமக்கு ஒற்றைக்காளை.

சரி, அப்படியானால் பதினெட்டாயிரத்துக்குப் போகவேண்டுமா? 2009 வாக்கில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் பல ஸ்கிம்மர்களைச் சோதித்தார். நீரில் அளக்கக்கூடிய கரிமக் கழிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரைதான் அவற்றால் எடுக்க முடிந்தது. மிச்சம் குமிழியில் ஒட்டாத ரகம். இன்னும் முக்கியம், வெவ்வேறு வடிவக் கருவிகளுக்கிடையே வித்தியாசம் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. சரியாக இயங்குகிற ஸ்கிம்மருக்கு மேல் கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரமும் சத்தம் குறைவு, மின்சாரம் குறைவு, நீடித்த உழைப்பு ஆகியவற்றுக்கான விலை. கூடுதல் சுத்தத்துக்கான விலை என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் எண்ணை முதலில் மறந்துவிடலாம். அழுக்கு வருவது லிட்டரிலிருந்து அல்ல, தீனியிலிருந்து. இரண்டு க்ளவுனும் நாலு இறாலும் உள்ள 200 லிட்டருக்குச் சின்ன ஸ்கிம்மரே போதும். அதே தொட்டியில் பத்து மீன் போட்டுத் தினம் மூன்று வேளை தீனி போட்டால் 400 லிட்டருக்கானதுதான் தாங்கும். ரொம்பப் பெரியதை வாங்கினாலும் சரிவராது. கழுத்து அகலம், நுரையை நிறுத்தப் போதுமான அழுக்கு இல்லை. பாதிவழி ஏறிச் சரிந்துவிடும். அடுத்துப் பார்க்கவேண்டியது மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது, எத்தனை வாட் தின்கிறது என்பது. 15 வாட் பம்பு இரவுபகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் வரும். மூன்றாவது, கழற்றிக் கழுவச் சுலபமா, சுழலி உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்பது. ஒரு முள் உடைந்து ஆறு மாதம் சும்மா கிடக்கும் கருவி, விலை குறைவென்றாலும் நஷ்டம்.

நம் ஊருக்கென்றே இரண்டு விஷயம் உண்டு. கரண்ட் போய் வரும்போது மேல்தொட்டி நீர் சம்புக்குள் இறங்கி மட்டம் ஏறிநிற்கும். ஸ்கிம்மர் மறுபடி கிளம்பியதும் நுரைக்குப் பதில் நீரே கோப்பைக்குள் பொங்கி, நிறைந்து, தரைக்கு வரும். நீர்மட்டம் மாறாத தடுப்பறை ஒன்றைச் சம்புக்குள் கட்டி அதில் வைத்தால் இது பெருமளவு குறையும். சித்திரை, வைகாசி வெக்கை இன்னொன்று. சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் நிற்கும். ராத்திரியில் மீன் வாயைத் திறந்து மேலே வரும். அப்போது ஸ்கிம்மர் கழிவெடுக்கும் கருவியாக மட்டும் இருப்பதில்லை. அந்த லண்டன் பணிப்பெண்ணின் கை அது.

*

குமாரபாளையத்தில் உப்புநீர் புதிதல்ல. இங்கே சாயப்பட்டறையில் வேலைபார்த்தவர்களுக்கு டிடிஎஸ் மீட்டரைச் சொல்லித்தர வேண்டாம். பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். கடலில் இருப்பது 35 கிராம்தான். கடல் இல்லாத இந்த ஊரில், கடலைவிட இருமடங்கு உப்பான நீர் தினமும் கொதித்திருக்கிறது, துவைப்பின் சோப்பு நுரையோடு வெளியேறியிருக்கிறது. காவிரியில் நுரை, அனுமதியில்லாத பட்டறைகள் இடிப்பு என்ற செய்திகள் எங்களுக்கு மழைச்செய்தி மாதிரிப் பழக்கம். அக்கரையில் பவானி, கூடுதுறை. நடுவில் ஓடும் நீரைத்தான் இரண்டு கரையும் குடிக்கிறது.

அதனால் தொட்டியின் கணக்கையும் இந்த ஊர்க்காரனாகவே போட்டுப் பார்த்தேன். 200 லிட்டருக்கு வாரம் பத்து விழுக்காடு நீர் மாற்றுவது வழக்கமான அறிவுரை. அதாவது 20 லிட்டர், 700 கிராம் உப்பு. ஆண்டுக்கு 36 கிலோ. சாயப்பட்டறையோடு பார்த்தால் இது தூசு. ஆனால் கடற்கரையில் இது கடலுக்கே திரும்பும். இங்கே சாக்கடைக்குப் போகும், இல்லையென்றால் வாசல் தென்னைமரத்துக்குப் போகும். இரண்டுமே முடிவது மண்ணிலும் ஆற்றிலும்தான். ஒழுங்கான ஸ்கிம்மரும் அளவான தீனியும் இருந்தால் நீர் மாற்றுவதைப் பாதியாகக் குறைக்கலாம். 18 கிலோ உப்பு மிச்சம், அதற்கான ஆர்ஓ தண்ணீரும் மிச்சம். கடலில்லாத ஊரில் ஸ்கிம்மரை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: எது அதிகம் நுரைக்கிறது என்பதல்ல, எது நம்மைக் குறைவாகக் கொட்டவைக்கிறது என்பது.

லாய்டு நீர்த்துப்போகச் செய்தார், மணல்வடிகட்டி நைட்ரேட்டாக மாற்றியது, பெர்லின் கோப்பையில் பிடித்தது. யாரும் அழுக்கை இல்லாமல் ஆக்கவில்லை. இடம் மாற்றினார்கள். ஆனால் கோப்பைக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு எடுத்தோம் என்று கண்ணுக்குக் காட்டும், மூக்குக்கும் காட்டும். வாரம் இரண்டுமுறை யாரோ ஒருவர் கையால் எடுத்துக் கழுவியாக வேண்டும்.

பையன் கடைசியில் ஏழாயிரத்துச் சொச்சத்தில், 12 வாட் பம்பு, தனியாகச் சுழலி கிடைக்கும் ஒன்றை எடுத்தான். புதுப் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை பத்து நாள் நுரை வராது, திருகிக்கொண்டே இருக்காதே என்று சொல்லியிருந்தேன். பதினோராம் நாள் போன் பண்ணினான். “நுரை வந்துருச்சுங்ணா. அரை டம்ளர் சேர்ந்திருக்குது. நாத்தம் தாங்கலீங். இதை எங்கீங்ணா ஊத்தறது?”

ஸ்கிம்மர் வாங்கியவன் கேட்கவேண்டிய கேள்வியை அவன் அன்றைக்குத்தான் கேட்டான். ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைக்கச் சொன்னேன். நம் ஊர் வெயிலுக்கு இரண்டே நாளில் காய்ந்து, பழுப்பு ஏடும் உப்பும் மட்டும் மிஞ்சும். அதைச் சுரண்டிப் பொட்டலம் கட்டிக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிடலாம். ஆற்றுக்குப் போகவேண்டியதில்லை.